நாற்பது நிமிடத் தாடி

இந்தக் காலத்து ஆட்களிடம் சென்னியப்பனுக்குப் பிடிக்காதது ஒன்றா இரண்டா. வழி கேட்க மாட்டார்கள். எதன் மேல் ஏறிப் போகிறோம், நடுவில் எந்த ஊர் வருகிறது, ஒன்றும் கேட்க மாட்டார்கள். எத்தனை நிமிடம் என்று மட்டும் கேட்பார்கள். பதில் சின்னதாக இருந்தால் போதும், வண்டிக்கு அடியில் சக்கரம் இருக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்க்காமல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ஏனப்பா என்று கேட்டால், "உங்களுக்குப் புரியாதுங்க" என்பார்கள். சரி, உனக்குப் புரிந்ததைச் சொல் என்றால் செல்போனை எடுத்துக்கொள்வார்கள்.

சென்னியப்பன் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில், அவர்கள் பக்கத்தில் போர் வண்டி என்பார்கள், முப்பத்தைந்து வருடம் இருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் ராய்ப்பூர், நாக்பூர், அதற்கும் மேலே. தேங்காயைக் கையில் ஏந்தி நீரோட்டம் பார்க்கிறவனையும் அவர் நம்பியதில்லை, மெஷினோடு வந்து நிற்கும் இன்ஜினீயரையும் நம்பியதில்லை. குழியிலிருந்து மேலே வருகிற மண்ணை உள்ளங்கையில் வாங்கிப் பிசைந்து பார்ப்பார். ஈரம் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. மற்றதெல்லாம் பேச்சு.

சங்ககிரிக்கு வெளியே, லாரிப் பட்டறைகள் இருந்த பொட்டலில் புது மாதிரி விமான நிலையம் ஒன்று வந்து மூன்று வருடமாகிறது. அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர். பழைய விமானத்தில், நடுவில் இறங்கி மாறி ஏறிப் போனால் பதினெட்டு மணி நேரம். இதில் நாற்பது நிமிடம். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சனங்கள் 'நாப்பது' என்றே கூப்பிட்டார்கள். "நாப்பதுல போனேன், நாப்பதுல வந்துட்டேன்" என்று டவுன் பஸ்ஸில் போய்வந்த மாதிரி பேசிக்கொண்டார்கள்.

சென்னியப்பனின் ஒரே மகன் லோகநாதன் அந்தக் கேப் டவுனில்தான் இருந்தான். கப்பலேறப் போகிற திராட்சைப் பழங்களை வைக்கும் குளிர்கிடங்குக்கு அவன் பொறுப்பு. முப்பத்தெட்டு வயது. மனைவி, சின்னப் பெண் ஒருத்தி, மூவரும் அங்கேயே வாசம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாப்பதில் வந்து அப்பனைப் பார்த்துவிட்டுப் போவான்.

பங்குனியில் அவர் ஊரான கரட்டுப்பாளையத்தில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. கோயில் வாசலில் மரக்கம்பம் நட்ட நாளிலிருந்து பதினைந்து நாள். முறை உள்ள வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஆண்பிள்ளை, மஞ்சள் கிழங்கு கோத்த நூலைக் கையில் காப்பாகக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டியவன் சவரம் செய்யக்கூடாது, நகம் வெட்டக்கூடாது, கவிச்சி தொடக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ராத்திரி ஊர் எல்லைக்குள் வந்துதான் படுக்க வேண்டும். எல்லை தாண்டித் தூங்கினால் காப்புக் கெட்டது, அந்த வீட்டு முறை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். சென்னியப்பன் வீட்டு முறை, கம்பத்துக்கு முதல் குடம் தண்ணீர் ஊற்றுவது. அவருடைய முழங்கால்களைப் போர் வண்டி தின்றுவிட்டது. இந்த வருடம் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேற முடியாது.

"அண்ணா, முடியலீன்னா வெக்கப்படாமச் சொல்லு. எம்பையன் ஒருத்தன் சும்மாதான் இருக்கறான்" என்று பங்காளி கொளந்தசாமி தை மாதத்திலிருந்தே கண்ணில் படும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அக்கறையைக் கேட்டதும் சென்னியப்பன் துண்டை உதறிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்.

மகனுக்குப் போன் போட்டார்.

"லோகு, இந்த வருசம் நீதான் காப்புக் கட்டோணும்."

"அப்பா, இது திராட்சை சீசனுங்க. பதினஞ்சு நாள் லீவு கேட்டா வேலையை விட்டே போகச் சொல்லீருவாங்க."

"லீவை எவன் கேட்டான்? வெயிலேறப் போயிட்டுப் பொழுதோட வந்துரு. நாப்பது நிமிசந்தான?"



"தினமும்ங்களா?"

"ஏன், நம்மூர்ல இருந்து ஈரோட்டுக்குத் தினமும் போயிட்டு வர்றவன் இல்லையா? அவனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆவுது. உனக்கு நாப்பது நிமிசம் நோவுதா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. அதைச் சென்னியப்பன் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டார்.

"வரனுங்கப்பா" என்றான் லோகு.

கம்பம் நட்டார்கள். காப்புக் கட்டினார்கள். லோகு முதல் குடத்தை ஊற்றினான். கொளந்தசாமியின் முகம் போன போக்கைப் பார்த்து அன்றைக்குச் சென்னியப்பன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

வேலைக்குப் போய்த் திரும்பிய மறுநாள் காலையில்தான் முதல் சந்தேகம் வந்தது. மகன் தண்ணீர் சேந்தும்போது கையைப் பார்த்தார். நூல் வெளுத்திருந்தது. கோத்திருந்த மஞ்சள் கிழங்கு சுக்கு மாதிரி சுருங்கிக் கிடந்தது. அதே உருண்டையிலிருந்து அறுத்த நூல்தான் கொளந்தசாமியின் மகன் கையிலும் இருந்தது. அது இன்னும் விரலில் ஒட்டுகிற பச்சை மஞ்சளாக இருந்தது.

"உன்ற நூலு ஏன்டா இப்படியாச்சு?"

"கிடங்குல குளிருங்கப்பா. அதனால இருக்கும்."

சரி, குளிர் என்று விட்டார். ஆனால் தாடியைக் குளிர் என்று சொல்லிவிட முடியுமா? நான்காம் நாள் லோகுவின் முகம் ஒரு மண்டலம் விரதம் இருந்தவன் முகம் மாதிரி ஆகிவிட்டது. ஆறாம் நாள் தாடி கழுத்தை மறைத்தது. நகங்கள் பருந்துக்கு வளர்ந்த மாதிரி வளைந்தன. கொளந்தசாமி மகனுக்கு அதே ஆறு நாளில் கன்னத்தில் உப்புத்தாள் மாதிரி ஏதோ கொஞ்சம் முளைத்திருந்தது, அவ்வளவுதான்.

டீக்கடையில் ஒரே சிரிப்பு.

"ஏப்பா லோகு, கேப் டவுன்ல தாடிக்கு யூரியா வெக்கறாங்களா?"

"எனக்கு ஒரு மூட்டை கொண்டாந்து குடு மச்சான், மண்டையில போடறேன்."

"தண்ணி வாகுடா. அந்த ஊர் தண்ணி அப்படி."

லோகுவும் கூடச் சிரித்தான். சென்னியப்பன் சிரிக்கவில்லை. மகனின் தாடியில் வலது பக்கம் கொத்தாக நரை ஓடியிருந்தது. போன வாரம் வந்து இறங்கியபோது மழமழவென்று இருந்த மோவாய். மேலே வந்த மண்ணை உள்ளங்கையில் வாங்கிப் பார்க்கிற மாதிரி அவர் அந்தத் தாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆறு நாளில் இது வராது. வந்திருக்கிறது என்றால் ஆறு நாள் என்பது பொய்.

ஏழாம் நாள், "நானும் டேசன் வரைக்கும் வர்றேன்" என்று வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். லோகுவுக்கு அது பிடிக்கவில்லை. வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

நிலையம் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. மேலே எங்கேயோ இருந்து ஒரு பெண் குரல் தேனொழுகப் பேசிக்கொண்டே இருந்தது. "பயண நேரம் நாற்பது நிமிடங்கள். தங்கள் உடல் ஒன்பது நாள் இனிய ஓய்வு பெறும். பயணம் இனிதாகட்டும்." எதையோ விற்கிறார்கள் என்று சென்னியப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. வரிசையில் நின்ற யாருமே வாங்கியதாகத் தெரியவில்லை.

லோகு உள்ளே போனதும் அவர் கண்ணாடி ஓரமாக நின்று பார்த்தார். விமானம் சாதாரணமாகத்தான் எழும்பியது. மேலே போனதும், கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்ட மாதிரி ஒரு மங்கல் அதைச் சுற்றிப் படர்ந்தது. அவர் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தபோது வெறும் வானம்தான் இருந்தது.

பக்கத்தில் டீக்கடை மேசையில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை, தோளில் பட்டை, தலை முழுக்க வெள்ளை. டம்ளரைப் பிடித்த கையில் நரம்பு புடைத்திருந்தது. நிலையத்துக் காவலாளியாக இருக்கும், நம் வயதுக்காரர், இவரிடம் கேட்டால் மழுப்பாமல் பேசுவார் என்று சென்னியப்பன் ஒரு டீயை வாங்கிக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தார்.

"அண்ணா, இங்கதான் வேலைங்களா?"

"ஆமாங்க. சொல்லுங்க."

"ஒண்ணு கேக்கோணும். மறைக்காமச் சொல்லோணும். எம்பையன் ஆறு நாளா இதுல போய்ட்டு வர்றான். தாடி முளம் போட்டு வளருது. உள்ள என்ன பண்றீங்க?"

நீலச் சட்டைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "காப்புக் கட்டினவரா? லோகநாதன்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரை இங்க எல்லாருக்கும் தெரியும். வண்டியில ஏறினதும் எல்லாரையும் தூங்க வச்சிருவோம். எழுப்புறதுக்கு முந்தி ஆளுங்க வந்து எல்லாருக்கும் சவரம் பண்ணி, நகம் வெட்டி, தலை சீவி விட்ருவாங்க. ஏறினபடியே இறங்கணும்லா. உங்க மகன் மட்டும் முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டாரு. காப்புக் கட்டியிருக்கேன், எம்மேல கத்தி படக்கூடாதுன்னு. அதான் அவருக்கு மட்டும் வெளிய தெரியுது."

"என்ன தெரியுது?"

"ஒம்பது நாள்."

சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு மேல இருந்து சொல்லீட்டு இருக்குதே, அதா?"

"அதேதான். யாரும் ஒளிக்கலை. தினமும் கத்திக்கிட்டுதான் இருக்கோம். வேகம் வண்டியில இல்லைங்க. வண்டியைச் சுத்தி ஒரு குமிழி போடுதாங்க. அதுக்குள்ள நேரம் தறிகெட்டு ஓடும். வெளிய நாப்பது நிமிசம் ஆகையில உள்ள ஒம்பது நாள் ஆயிரும். குமிழிக்குள்ள காத்து கூழ் மாதிரி கெட்டி. அதுல நீந்தித்தான் போகணும். எட்டாயிரம் கிலோமீட்டரை ஒம்பது நாளைக்கு வகுத்துப் பாத்தா…"

"மொபெட்டு வேகம்" என்றார் சென்னியப்பன்.

நீலச் சட்டைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பல் எல்லாம் நல்ல பல்லாகத்தான் இருந்தது. "ஆமா, மொபெட்டு. எல்லாரும் ராக்கெட்டுன்னு நினைச்சுக்கிட்டு மொபெட்டுல போயிட்டு இருக்காங்க."

"அப்ப அந்த ஒம்பது நாளும் எம்பையனுக்கு…"

"உடம்புக்கு ஒம்பது நாள்தான். சோறுக்குப் பதிலா மருந்து ஏத்துவோம். வருசத்துக்கு ரெண்டு தடவை போறவனுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க மகன் மாதிரி பதினஞ்சு நாளும் போய்வந்தா, இந்த நோம்பி முடியறப்ப அவருக்கு முக்கா வருசம் போயிருக்கும்."

 சென்னியப்பனுக்குள் கோபம் வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றது. முப்பத்தைந்து வருடம் ராத்திரி பகலாக வண்டியில் போனவருக்குத்தான் அது வரும்.

"எல்லாரையும் தூங்க வெச்சிருவோம்னீங்க. ஓட்டறவன் தூங்க முடியாதுங்களே?"

எதிரே இருந்தவரின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"முடியாது" என்றார். "ரெண்டு பேரு. ஒருத்தர் மாத்தி ஒருத்தர்."

"ஒம்பது நாளும் முழிச்சுட்டு என்ன பண்ணுவாங்க?"

"படிக்கலாம். கேரம் ஆடலாம். வெளிய பாத்துக்கிட்டே இருக்கலாம்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "மத்தியானம் கிளம்புனா ஒம்பது நாளும் மத்தியானந்தான். சூரியன் நகராது. கீழ கடல் நிக்கும். ஒரு அலை எந்திரிச்சா அது விழறதுக்குள்ள நான் ஒரு வேளை சாப்பாடு சாப்பிட்டு ஏனம் கழுவி வச்சிருவேன். ஒரு தடவை ஒரு பறவைக் கூட்டத்தைத் தாண்டிப் போனோம். எல்லாம் அப்படியே தொங்குச்சு. ஒண்ணு இறக்கையை மேல இருந்து கீழ கொண்டு வர்றதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவு அழகா எதையும் நான் பாத்தது கிடையாது."

"நீங்களா ஓட்டறீங்க?"

"ஆறு வருசமா. முதல்ல வேற ஊர்ல. இப்ப இங்க."

"இந்த வயசுல உங்களை எப்படிண்ணா ஓட்ட விடறாங்க?"

"ஐயா" என்றார் அவர்.  "என்னை அண்ணான்னு கூப்பிடாதீங்க. எம்பேரு செல்வின். தூத்துக்குடிப் பக்கம். சான்றிதழ்ல எனக்கு முப்பத்தி நாலு வயசு. உங்க மகனைவிடச் சின்னவன்."

டீக்கடைப் பையன் வந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனான்.

"ஊட்ல… ஒண்ணும் சொல்லலியா?"

"போன கிறிஸ்துமஸுக்கு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். வாசல்ல ஒருத்தர், இவங்க உங்க தங்கச்சியான்னு கேட்டாரு. அம்மா அன்னைக்கு முழுக்க என்கிட்ட பேசலை." செல்வின் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். "ஏன் இதுல இருக்கேன்னு கேப்பீங்க. ஊர்ல யாருகிட்ட கேட்டாலும் நேரமில்லை நேரமில்லைங்காங்க. எனக்கு ஒருத்தனுக்குத்தான் நேரம் கொட்டிக் கிடக்கு. அது பழகிடுச்சு. வாரேன் ஐயா. எனக்கு வண்டி இருக்கு."

அவர் நடந்து போவதைச் சென்னியப்பன் பார்த்தார். போகும்போது இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தார். சென்னியப்பனுக்கும் அதே கால்தான்.

பொழுது சாய்ந்து லோகு திரும்பி வந்து இறங்கியபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். மகனின் தாடி காலையில் இருந்ததைவிட நீண்டிருந்தது. மகன் அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"உனக்குத் தெரியுமா?"

"எல்லார்த்துக்கும் தெரியுமுங்கப்பா."

"எனக்குத் தெரியாது."

"நீங்க கேக்கலீங்க. நாப்பது நிமிசந்தானன்னு சொன்னீங்க."

 ஊருக்குப் போகிற பஸ் எல்லைக்கல்லைத் தாண்டும்போது சென்னியப்பன் திரும்பி அந்தக் கல்லையே பார்த்தார்.

கோயிலில் பூசை முடிந்து கூட்டம் கம்பத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஊர்ப் பெரியதனக்காரர் அங்கமுத்து நடுவில் இருந்தார். சென்னியப்பன் நேராகப் போய் நின்றார்.

"எங்க ஊட்டுக் காப்புக் கெட்டுப்போச்சு."

தாரை தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"என்னப்பா சொல்றே? பையன் தினமும் பொழுதோட வந்துடறானே. நானே பாக்கறனே" என்றார் அங்கமுத்து.

"வர்றான். ஆனா போறப்ப ஒம்பது நாள், வர்றப்ப ஒம்பது நாள் அந்த வண்டிக்குள்ள தூங்கறான். எல்லைக்கு வெளிய. முறையைச் சொல்லுங்க. எல்லை தாண்டித் தூங்குனா கெட்டதா இல்லியா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அங்கமுத்து செல்போனை எடுத்து மணி பார்த்தார், அதில் ஏதோ பதில் இருக்கிற மாதிரி.

"பாரு சென்னியப்பா. அவன் கிளம்பறப்ப நம்ம கடியாரத்துல ஒரு மணின்னு வெச்சுக்க. இறங்கறப்ப நாப்பது நிமிசம் கழிச்சு. அம்மன் இங்க கரட்டுப்பாளையத்துல இருக்குது. அதுக்கு நம்மூர்க் கடியாரந்தான் கணக்கு."

"தாடிக்கு எந்தக் கடியாரம்?"

யாரோ சிரித்தார்கள். அங்கமுத்துவுக்குச் சுருக்கென்றது. "அப்படிப் பாக்கப் போனா எங்க போய் நிக்கறது? வைகாசியில எம்பொண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மூணு வருசமா வாராவாரம் நாப்பதுல போய்ட்டு வர்றாரு. ஜாதகத்துல இருவத்தொம்பது. நீ சொல்ற கணக்குல அவருக்கு முப்பத்தாறு தாண்டீரும். பொருத்தம் பாத்ததெல்லாம் தப்புன்னு ஆயிருமா? ஊர்ல பாதி ஊட்டுல ஒருத்தன் நாப்பதுல போறான். எல்லாருக்கும் வயசு ஏத்திக் குடுக்கறியா நீ?"

இதுதான் சங்கதி என்று சென்னியப்பனுக்கு அப்போது விளங்கியது. யாரும் ஏமாந்துபோகவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றைப் பார்க்காமல் இருக்கிறார்கள்.

"அண்ணன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுங்க" என்று கொளந்தசாமி எழுந்தார். குரலில் பணிவு வழிந்தது. "அவரு ஊட்டுக் காப்பு. கெட்டுதுன்னு அவரே சொன்னா நாம என்ன பண்ண முடியும்? அவுத்தா அவரே அவுக்கோணும்."

சென்னியப்பன் மகனிடம் திரும்பினார். "கையை நீட்டு."

லோகு கையைப் பின்னால் கொண்டு போனான். "வேண்டாமுங்கப்பா. இன்னும் எட்டு நாள்தான். முடிச்சுடறேன். தாத்தன் காலத்துல இருந்து நம்ம ஊட்டு முறை."

"எட்டு நாளா? எந்தக் கடியாரத்துல சொல்றே?"

"அப்பா, அத்தனை பேரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

லோகு குரலைத் தாழ்த்தினான். "பத்து வருசத்துல நீங்க எங்கிட்டக் கேட்டது இது ஒண்ணுதானுங்க. காசு கேட்டதில்லை, வந்து இருடான்னு கேட்டதில்லை. இது ஒண்ணைக் கேட்டீங்க. அதான் போய்ட்டு வந்தேன். முக்கா வருசம் கேட்டிருந்தாலும் வந்திருப்பேன்."

  சென்னியப்பன் மகனின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். காப்பின் மேல் கத்தி படக்கூடாது, அது தெரியும். குனிந்து, வெளுத்துப்போன அந்த நூலைப் பல்லில் கடித்தார். முப்பத்தைந்து வருடமாகக் கம்பியையும் கயிற்றையும் கடித்த பல். நூல் இற்றுப்போயிருந்ததால் ஒரே கடியில் வந்துவிட்டது. அதைக் கம்பத்தடியில் போட்டார்.

"தண்ணிக் குடத்தை எடுத்துக்கோ கொளந்தசாமி. நல்லா ஊத்தச் சொல்லு உம்பையனை. முதல் படி வழுக்கும்."

கொளந்தசாமிக்கு ஏனோ அந்த நேரத்தில் சந்தோஷப்படத் தெரியவில்லை.

மறுநாள் லோகு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. போகிறதற்கு அந்த ஒரு தடவை நாப்பதுதான், வேறு வழியில்லை. வாசலில் நாவிதர் வந்து தாடியை எடுத்தார். கீழே விழுந்த மயிரைச் சென்னியப்பன் கையில் எடுத்து, கறுப்பையும் வெள்ளையையும் பிரித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"இனி எப்பங்கப்பா வர்றது?" என்றான் லோகு.

"ஆனியில வா. சீசன் முடிஞ்சிருக்கும். பழைய ஏரோப்ளேன்ல வா."

"பதினெட்டு மணி நேரமுங்க. நடுவுல மாறி ஏறோணும். காலு மரத்துப்போயிரும்."

"மரத்துப்போகட்டும். அதுல பதினெட்டு மணி நேரம்னா பதினெட்டு மணி நேரந்தான். பாப்பாவையும் கூட்டியா. தூங்க வெக்காம கூட்டியா, வழியெல்லாம் வேடிக்கை பாத்துட்டு வரட்டும்."

லோகு சரி என்று தலையாட்டினான். கிளம்பும்போது என்றைக்கும் இல்லாமல் அப்பனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

நோம்பி முடிகிற நாள், கம்பம் பிடுங்குவதற்கு முன்னால், கோயில் மைக்கில் ஒரு பேண்ட் சட்டைக்காரன் வந்து நின்றான். நாப்பது கம்பெனி ஆள். தாடி விஷயம் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பரவி, கம்பெனி வரைக்கும் போய்விட்டது போல. நல்ல பையன்தான், பேச்சில் மரியாதை இருந்தது.

"உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுதுங்க. அடுத்த வருசம் புது இயந்திரம் வருது. ஒம்பது நாள் இல்லை, மூணே நாள். காப்புக் கட்டினவங்க தாராளமா வந்து போகலாம்."

கூட்டம் கை தட்டியது. அங்கமுத்து எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே போனார். "தம்பி, ஓட்டறவனுக்கு?"

"அவருக்கும் மூணுதானுங்க ஐயா."

"அப்பச் செல்வின்னு ஒருத்தரு இருக்கறாரே. அவரு இப்ப ஓட்டற அதே அளவுக்குத்தான் ஓட்டுவாரா?"

அந்தப் பையன் புன்னகை மாறாமல் நின்றான். "அதெல்லாம்… ஒரு பயணத்துக்கு ஆகற நாள் குறையறதனால ஓட்டறவங்களுக்குப் பயணங்களோட எண்ணிக்கை கூடுங்க. அது சனங்களுக்குத்தான் வசதி."

"நாங்க குழி போடறப்ப புது கம்ப்ரஷர் ஒண்ணு வந்துது" என்றார் சென்னியப்பன். "ரெண்டு நாள் குழி அரை நாள்ல முடிஞ்சுது. எல்லாரும் கை தட்டுனாங்க. மீதி ஒன்றரை நாள் நாங்க ஊட்டுக்கா வந்தோம்? இன்னும் மூணு குழி போட்டோம்."

"காலம் மாறிப்போச்சுங்க ஐயா. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க. உங்களுக்கு டிக்கெட்டே வேண்டாம். மகனைப் பாத்துட்டு வந்துடலாம், நாப்பதே நிமிசம்."

"அந்த அலை நிக்குமாமே, அதைத் தூங்காமப் பாக்க விடுவீங்களா?"

பையனுக்கு அது விளங்கவில்லை. "எந்த அலைங்க?"

சென்னியப்பன் பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பின்னால் மேளம் கிளம்பியது, கம்பத்தைப் பிடுங்கப் போகிறார்கள். கோயில் முனையில் கம்பெனிக் கார் நின்றிருந்தது. டிரைவர் கதவைத் திறந்து பிடித்தான்.

"வாங்க பெரியவரே, ஊட்ல உட்டுடறேன். ரெண்டு நிமிசம்."

சென்னியப்பன் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். சக்கரம் இருந்தது. இருந்தாலும் ஏறவில்லை. இடது காலை இழுத்து வைத்து, எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் ஆகட்டும் என்று, தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.